ஆப்பிள்கிராஸ்: தெரு ஒன்று, வழி இரண்டு

கேள்வி: இன்வர்னெஸ்ஸில் சிறிய கார் ஒன்றை வாடகைக்கு எடுத்து, ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள ஆப்பிள்கிராஸ் கிராமத்துக்குப் போய்வர நினைக்கிறோம். மலைப்பாதையின் படங்களைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. ஒரே நாளில் போய்த் திரும்ப முடியுமா? அப்படி அங்கே என்னதான் இருக்கிறது?

முடியும். ஆனால் ஒரே நாளில் போய்த் திரும்பினால் சாலையைத்தான் பார்ப்பீர்கள். ஊரைப் பார்க்க மாட்டீர்கள். அங்கே வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் செய்வது அதுதான்: கணவாயில் ஏறுவது, உச்சியில் படம் எடுப்பது, கீழே வந்து வறுத்த மீன் சாப்பிடுவது, கிளம்புவது. ஓர் இரவு தங்குங்கள். போகும்போது மலைக் கணவாய், வரும்போது கடற்கரைச் சாலை. இந்த வரிசையை மாற்றாதீர்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

முதலில் பெயர். ஆப்பிளுக்கும் சிலுவைக்கும் இதில் வேலையே இல்லை. ‘அபெர் குரோசன்’ என்ற பழைய பிக்ட் மொழிப் பெயர் ஆங்கிலேயர் வாயில் மருவியதுதான் இது. ‘அபெர்’ என்றால் ஆற்றின் கழிமுகம். அபர்டீன் என்ற நகரப் பெயரின் தொடக்கத்தில் இருப்பதும் அதே சொல். குரோசன் என்பது இங்கே கடலில் கலக்கும் சிற்றாறு. கேலிக் மொழிக்காரர்கள் இந்தத் தீபகற்பத்தை ‘அ கோம்ரிக்’ என்பார்கள், பொருள் ‘அடைக்கலம்’. அயர்லாந்தின் பேங்கர் மடத்திலிருந்து வந்த மேல்ருவா என்ற துறவி 673-இல் இங்கே ஒரு மடம் நிறுவினார். மடத்தைச் சுற்றி ஆறு மைல் வரை அடைக்கல நிலம். துரத்தப்பட்டு ஓடிவந்தவன் அந்த எல்லைக்குள் கால் வைத்துவிட்டால் அவனைத் தொடக் கூடாது. எல்லையைச் சிலுவைக் கற்கள் நட்டுக் குறித்திருந்தார்கள்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். ‘ஆப்பிள்கிராஸ்’ என்று படங்களில் வரும், கடலைப் பார்த்தபடி வரிசையாக நிற்கும் வெள்ளை வீடுகளின் உண்மையான பெயர் ஷோர் ஸ்ட்ரீட். உள்ளூர்க்காரர்கள் சும்மா ‘தெரு’ என்பார்கள். ஆப்பிள்கிராஸ் என்பது தீபகற்பம் முழுவதற்கும் பெயர். மில்டவுன், காமஸ்டீல், காமஸ்டெராக், கல்டூயி, டோஸ்கேக் என்று தெற்கே ஒரு சரம். சாண்ட், குவேக், ஃபெர்ன்மோர், கென்மோர் என்று வடக்கே இன்னொரு சரம். எல்லாவற்றிலும் சேர்த்து வசிப்பவர்கள் இருநூற்றுச் சொச்சம் பேர். ஆரம்பப் பள்ளியும் மருத்துவரின் கிளினிக்கும் ‘தெரு’வில் இல்லை, காமஸ்டெராக்கில் இருக்கின்றன.

இனி வழி. இன்வர்னெஸ்ஸிலிருந்து டோர், கான்டின், கார்வ் வழியாக அக்னஷீன்; அங்கிருந்து ஏ890 பிடித்துத் தென்மேற்கே இறங்கினால் ஸ்ட்ராத்கேரன்; பிறகு ஏ896-இல் லாக்கேரன், கிஷோர்ன், டோர்னபிரஸ். டோர்னபிரஸ்ஸில் இடப்புறம் பிரிவதுதான் கணவாய்ச் சாலை. மொத்தம் ஏறக்குறைய 135 கிலோமீட்டர். நிற்காமல் ஓட்டினால் இரண்டேகால் மணி நேரம் முதல் இரண்டரை மணி நேரம் வரை. லாக்கேரனில் எரிபொருள் நிரப்பிக்கொள்ளுங்கள். ஆப்பிள்கிராஸிலும் ஊர்மக்களின் சமூக நிறுவனம் நடத்தும் பம்பு ஒன்று இருக்கிறது. ஆள் இருக்க மாட்டார். கார்டைச் செருகி நீங்களே நிரப்பிக்கொள்ள வேண்டும். வெளிநாட்டு கார்டுகளை இப்படிப்பட்ட தானியங்கி பம்புகள் சில நேரம் ஏற்பதில்லை என்பதால் அதை மட்டும் நம்பிப் போகாதீர்கள். ரயிலில் வருவதானால், இன்வர்னெஸ்ஸிலிருந்து கைல் ஆஃப் லோகல்ஷ் ஊருக்குப் போகும் பாதையில் ஸ்ட்ராத்கேரன்தான் அருகிலுள்ள நிலையம். அதற்குப் பிறகு பேருந்து மிகக் குறைவு, முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

கிஷோர்ன் கடல்நுழைவைத் தாண்டும்போது தண்ணீர் ஓரம் ஒரு பெரிய உலர்துறை தெரியும். 1970-களில் வடகடல் எண்ணெய்க்காக ஏற்பட்ட தளம் அது. நினியன் சென்ட்ரல் என்ற கான்கிரீட் மேடையை இங்கேதான் கட்டினார்கள். எடை சுமார் 6 லட்சம் டன். 1978-இல் அதை இழுத்துக்கொண்டு கடலுக்குப் போனபோது, மனிதன் நகர்த்திய பொருள்களிலேயே மிகப் பெரியது என்ற பெயர் அதற்கு. இவ்வளவு ஆளரவமற்ற இடத்தில் எதற்கு என்று தோன்றும். கரையை ஒட்டியே கடல் ஆழமாக இருந்ததுதான் காரணம்.

டோர்னபிரஸ்ஸில் ஒரு பெரிய அறிவிப்புப் பலகை நிற்கும். 2053 அடி உயரம், ஐந்துக்கு ஒன்று சரிவு, கொண்டை ஊசி வளைவுகள், பனிக்காலத்தில் போக முடியாது, ஓட்டக் கற்பவர்களும் மிகப் பெரிய வண்டிகளும் கேரவன்களும் முதல் மைலுக்குமேல் போவது உசிதமல்ல என்று எழுதியிருக்கும். பயமுறுத்துவதற்காக எழுதியதல்ல. பியாலக் ந பா என்ற இந்தக் கணவாய் கடல்மட்டத்தில் தொடங்கி 626 மீட்டர் ஏறுகிறது. உயரத்தில் ஸ்காட்லாந்துச் சாலைகளில் இதற்கு மூன்றாம் இடம்தான். ஆனால் ஒரே மூச்சில் இவ்வளவு ஏறும் சாலை பிரிட்டனில் வேறு இல்லை. பெயருக்குப் பொருள் ‘மாடுகளின் கணவாய்’. தீபகற்பத்து மாடுகளைச் சந்தைக்கு ஓட்டிச் சென்ற தடம் இது. ‘பா’ என்பது கேலிக்கில் மாடு. நம் ‘ஆ’வுக்கு எதுகை போல அமைந்திருப்பது தற்செயல்தான் என்றாலும், ஆநிரைக் கணவாய் என்று சொல்லிப் பார்த்தால் நன்றாகவே பொருந்துகிறது. வண்டிச் சாலை 1822-இல் போடப்பட்டது.

ஓட்டும் முறைதான் முக்கியம். டோர்னபிரஸ் முதல் ‘தெரு’ வரை 18 கிலோமீட்டர்; முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். அகலம் ஒரே ஒரு வண்டிக்குத்தான். இடையிடையே ‘பாஸிங் பிளேஸ்’ என்ற பலகையோடு ஒதுங்கிடங்கள் வரும். எதிரே வண்டி தெரிந்தால், உங்கள் இடப்பக்கம் இருக்கும் ஒதுங்கிடத்துக்குள் நுழைந்து நில்லுங்கள். ஒதுங்கிடம் வலப்பக்கம் இருந்தால் அதற்குள் நுழையக் கூடாது. அதற்கு நேர் எதிரே சாலையிலேயே நின்றால் எதிரே வருபவர் அதில் வளைந்து உங்களைத் தாண்டிக்கொள்வார். புதிதாக ஓட்டுபவர்கள் தவறும் இடம் இதுதான். இடமும் வலமும் மாறி நுழைந்தால் இரண்டு வண்டிகளும் மூக்கோடு மூக்கு முட்டி நிற்கும், பின்னால் ஐந்து வண்டிகள் சேர்ந்துவிடும். ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும். பின்னால் யாராவது நெருங்கி வந்தால் அவர் உள்ளூர்க்காரராகவோ தபால்காரராகவோ தாதியாகவோ இருக்கலாம். ஒதுங்கி முன்னே போகவிடுங்கள். ஒதுங்கிடத்தில் நிறுத்திப் படம் எடுப்பது மட்டும் கூடவே கூடாது.

பார்வையைப் பக்கத்துச் சாலையில் வைக்காமல் இரண்டு ஒதுங்கிடங்களுக்கு அப்பால் வையுங்கள். கண்ணாடி பளிச்சிட்டால் அங்கே வண்டி வருகிறது. உங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒதுங்கிடத்திலேயே காத்திருந்தால் பின்னோக்கி ஓட்டும் அவசியமே வராது. வந்தாலும் பதற வேண்டாம். பின்னால் வண்டி வரிசை இல்லாதவர் பின்வாங்குவதுதான் வழக்கம்.

கிழக்கிலிருந்து ஏறுவது நல்லது என்று சொன்னதற்குக் காரணம் சரிவு. கிழக்குப் பக்கம் செங்குத்து. கொண்டை ஊசி வளைவுகள் எல்லாம் உச்சிக்கு அருகே அந்தப் பக்கம்தான். மேற்குப் பக்கம் விரிந்த மேட்டுநிலத்தில் நீளமாக, மெதுவாக இறங்கும். ஏறும்போது முன்னுரிமை உங்களுக்கு, பிரேக்கும் சூடாகாது. எதிர்த்திசையில் போனால் செங்குத்தில் இறங்கவும் வேண்டும், ஏறுகிறவர்களுக்கெல்லாம் பின்வாங்கவும் வேண்டும். இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே போனால் தட்டுகள் சூடேறிப் பிடிப்புக் குறையும். இரண்டாம் கியரில், வேண்டுமானால் முதல் கியரில் இறங்கி, பிரேக்கை விட்டுவிட்டு மிதியுங்கள். ஏறும்போது நிற்க நேர்ந்தால் கிளட்சைப் பாதி அழுத்தியபடி வண்டியைத் தாங்கி நிறுத்தாதீர்கள். கருகிய நாற்றம் வந்துவிட்டால் காலம் கடந்துவிட்டது. கைப்பிரேக்கைப் போட்டு நின்று, இன்ஜின் இழுவை கொடுத்த பிறகு விடுங்கள். தானியங்கி கியர் வண்டி கிடைத்தால் அதையே எடுங்கள்.

இங்கே அதிகம் நடக்கும் சேதம் பள்ளத்தில் உருளுவதல்ல, டயர் கிழிவது. தார்ச்சாலையின் ஓரம் உடைந்து கூரான விளிம்பாக நிற்கும். ஒதுங்கும்போது சக்கரம் அதில் இறங்கி ஏறினால் டயரின் பக்கச்சுவர் வெட்டுப்படும். பக்கச்சுவரை ஒட்டுப்போட முடியாது. வாடகைக் கார்கள் பலவற்றில் மாற்றுச் சக்கரம் இருக்காது, காப்பீட்டிலும் டயர், கண்ணாடி, அடிப்பாகம் ஆகியவை பெரும்பாலும் சேராது. எடுக்கும்போதே இரண்டையும் கேட்டுக்கொள்ளுங்கள். பல இடங்களில் கைபேசிக்கு சிக்னல் கிடையாது. வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள். நடக்கப் போவதாக இருந்தால் ஆர்ட்னன்ஸ் சர்வேயின் லேண்ட்ரேஞ்சர் 24-ஆம் எண் தாள் கையில் இருக்கட்டும்.

எப்போது மலை வேண்டாம்? உச்சி மேகத்துக்குள் இருந்தால் வேண்டாம். பத்து மீட்டருக்கு அப்பால் தெரியாது, பார்க்கவும் எதுவும் இருக்காது. நவம்பர் முதல் மார்ச் வரை பனிப்பொழிவாலும் உறைபனியாலும் திடீர் திடீரென்று மூடுவார்கள். கேரவன், பெரிய மோட்டார்ஹோம் என்றால் எந்த மாதமும் வேண்டாம். 2015-இல் ஸ்காட்லாந்தின் வடகரையைச் சுற்றிவரும் 516 மைல் சுற்றுலாப் பாதை அறிமுகமாகி, இந்தக் கணவாயும் அதில் சேர்ந்த பிறகு, கொண்டை ஊசி வளைவில் ஏழு மீட்டர் வண்டி சிக்கி இரண்டு பக்கமும் போக்குவரத்து நிற்பது கோடையில் நடக்கிற காட்சியாகிவிட்டது. தெளிவான நாளில் உச்சியிலுள்ள வாகன நிறுத்தத்திலிருந்து ஸ்கை தீவின் கூலின் மலைகள், ராசே தீவு, தெற்கே ரம் தீவு எல்லாம் தெரியும். காலை ஒன்பது மணிக்கு முன் போனால் நிறுத்த இடமும் கிடைக்கும்.

உச்சியில் சுற்றியுள்ள பாறையைத் தொட்டுப் பாருங்கள். செம்பழுப்பு மணற்கல், நடுவே கூழாங்கற்கள் பதிந்திருக்கும். சுமார் 100 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய மணல் அது. ‘ஆப்பிள்கிராஸ் அடுக்கு’ என்றே புவியியலில் இதற்குப் பெயர். இந்தப் பாறையின்மேல் ஊட்டமுள்ள மண் உண்டாகாது. கரிமண்ணும் ஹெதர் புதரும்தான். பிறகு மேற்கே இறங்கி வளைகுடாவைப் பார்த்தால் திடீரென்று பச்சைப் பசேலென்ற புல்வெளி. காரணம், அங்கே மட்டும் நிலப்பிளவில் கீழே இறங்கிய இளைய பாறைகள், ஏறத்தாழ 20 கோடி ஆண்டு வயதுள்ளவை, சுண்ணாம்புச் சத்தோடு மிஞ்சியிருக்கின்றன. துறவி மடம் கட்ட இந்த இடத்தைத் தேர்ந்ததற்குப் பக்தி மட்டுமே காரணம் என்று நம்ப எனக்கு மனமில்லை. கரை முழுக்கத் தேடினாலும் இப்படி விளைநிலம் கிடைக்காது.

மடம் இருந்த இடம் வளைகுடாவின் தலைப்பில், கிளாகன் என்னும் இடத்தில் உள்ள தேவாலய வளாகம். இப்போதுள்ள கட்டடம் 1817-ஐச் சேர்ந்தது. வாசலருகே ஆளைவிட உயரமான, வேலை முடியாத சிலுவைக் கல் ஒன்று நிற்கிறது. மேல்ருவாவின் கல்லறை மண்ணில் ஒரு பிடி எடுத்துச் சென்றால் பயணம் போனவர் பத்திரமாகத் திரும்புவார் என்ற நம்பிக்கை இந்தப் பக்கம் உண்டு. (நீங்கள் எடுக்காதீர்கள். வருகிற எல்லோரும் ஒரு பிடி எடுத்தால் என்னாவது?) பக்கத்திலேயே சிறிய பாரம்பரிய மையம் இருக்கிறது, திறந்திருந்தால் ஒரு மணி நேரம் செலவிடுங்கள்.

‘தெரு’வில் இருக்கும் விடுதியில் சாப்பாடு என்றால் லாங்குஸ்டீன், நண்டு, சிப்பி வகைகள். லாங்குஸ்டீனை உள்ளூரில் ‘பிரான்’ என்றுதான் சொல்வார்கள். நம் இறால் அல்ல, மெல்லிய இடுக்கிகளோடு சிறிய சிங்கி இறால் போல இருக்கும். எதிரே உள்ள கடலில் கூண்டு இறக்கிப் பிடிப்பதால் உயிரோடு, காயமில்லாமல் கரைக்கு வரும். இழுவலையில் வருவதற்கும் இதற்கும் சுவையில் தெரிகிற வித்தியாசம் அதுதான். கோடையில் முன்பதிவு செய்யாமல் இரவுச் சாப்பாட்டையோ அறையையோ எதிர்பார்க்க வேண்டாம். இங்கே தவறவிட்டால் அடுத்த வாய்ப்பு மலைக்கு அப்பால்.

வடக்கே சில கிலோமீட்டரில் சாண்ட். பெயருக்கேற்ற பெரிய மணற்கரை. பின்னால் மணல் மேடு செங்குத்தாக எழும். அருகே உள்ள பாறை ஒதுக்கில் 2000-இல் அகழாய்வு செய்து, எட்டாயிரம் ஆண்டுகளுக்கும் முந்தைய வேட்டைக்காரர்கள் தின்று போட்ட சிப்பிக் குவியலை எடுத்தார்கள். அதே கரையில் கடற்படைச் சோதனைத் தளம் ஒன்றும் இருக்கிறது. வேலிக்கு உள்ளே எட்டிப் பார்க்க வேண்டாம். எதிரேயுள்ள இன்னர் சவுண்ட் நீரிணை 324 மீட்டர் வரை ஆழம் போகிறது. பனியாறு குடைந்த பள்ளம். நீர்மூழ்கிகளையும் டார்பிடோக்களையும் சோதிக்க இதைவிட வசதியான இடம் ஏது?

தெற்கே கல்டூயியில் நிறுத்தி ஆர்ட்பன் வரை நடந்தால் வெண்மையான ‘பவளக் கரை’ வரும். அது பவளமல்ல; மேர்ல் என்ற சுண்ணாம்புப் பாசி வெளுத்து உடைந்த துகள்கள். நீரின் நிறம் வெப்பநாட்டுக் கடலைப்போல இருக்கும். காலை வைத்தால் உண்மை தெரிந்துவிடும். வழி சேறும் பாறையும். முட்டி வரை நனையும் என்று எண்ணி நீர்புகாக் காலணி போடுங்கள். சாலை டோஸ்கேக் இறங்குதுறையோடு முடிகிறது. கணவாய் மூடிய காலத்தில் கைல் ஆஃப் லோகல்ஷுக்குப் படகு போனது இங்கிருந்துதான்.

ஆம், 1975 வரை தரை வழி என்றால் கணவாய் ஒன்றுதான். ஷீல்டேக் கிராமத்திலிருந்து வரும் கடற்கரைச் சாலை அந்த ஆண்டுதான் முடிந்தது. அதற்குள் வடகரைச் சிற்றூர்களிலிருந்து இளையவர்கள் கிளம்பிவிட்டார்கள். எதிர்க்கரையான ராசேயில் இதே பிரச்சினைக்குக் காலம் மெக்லியோட் என்பவர் வேறு விடை கண்டார்: அரசு சாலை போடாததால் 1960-களின் நடுவிலிருந்து பத்தாண்டு உழைத்து, மண்வெட்டி, கடப்பாரை, தள்ளுவண்டியோடு மூன்று கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான சாலையைத் தானே போட்டு முடித்தார்.

திரும்பும்போது அந்தக் கடற்கரைச் சாலையில் 40 கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். இதுவும் ஒரு வண்டிச் சாலைதான், ஆனால் பள்ளம் இல்லை. வீடுகளைச் சுற்றிக் கற்சுவர் போட்ட குறுகிய துண்டு நிலங்கள் தெரியும், அவைதான் கிராஃப்ட். ஒரு குடும்பத்துக்குச் சில ஏக்கர் குத்தகை நிலம், மேலே மலையில் எல்லோருக்கும் பொதுவான மேய்ச்சல். 1886-ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை நிலக்கிழார் நினைத்தால் வெளியேற்றலாம். அதற்குப் பின் குத்தகை நிலைத்தது, வாரிசுக்கும் போயிற்று. ஒரு கிராஃப்டை வைத்து மட்டும் யாரும் பிழைத்ததில்லை. மீன்பிடிப்பு, தபால், சாலை வேலை, இப்போது சுற்றுலா என்று இரண்டு மூன்று தொழில் சேர்ந்தால்தான் குடும்பம் ஓடும். கூரையற்ற சுவர்கள் மட்டும் நிற்கும் இடங்களும் வரும். நுழைந்து பார்க்கலாம், கல்லை உருட்ட வேண்டாம்.

தங்கும் முறை பற்றி ஒரு சொல். ஸ்காட்லாந்தில் 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி பொறுப்போடு எங்கும் நடக்கலாம், சிறு கூடாரம் அடிக்கலாம். அந்த உரிமை காலுக்குத்தான், சக்கரத்துக்கு இல்லை. வண்டியில் தூங்க முகாம் மைதானத்துக்குப் போங்கள். ஏப்ரல், மே மாதங்களில் ஆட்டுக்குட்டிகள் பிறக்கும்; நாயைக் கயிற்றில் பிடியுங்கள்.

மாதம் எது என்றால் என் ஓட்டு மே மாதத்துக்கு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மிட்ஜ் என்ற கடிகொசு; கொசுவைவிட மிகச் சிறியது, ஒன்றாக வராது, மேகமாக வரும். காற்று மணிக்குப் பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் அடித்தால் பறக்க முடியாது. அதனால் காற்றோட்டமான கடலோர மேட்டில் கூடாரம் அடியுங்கள், மரத்தடியிலோ ஓடையோரமோ அல்ல. விடியலும் அந்தியும், காற்று அசையாத ஈரமான நேரமும் மோசம். முகத்தை மூடும் தலைவலை ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. கையிலும் காலிலும் பூச விரட்டி மருந்து.

உண்ணி அதைவிடக் கவனிக்க வேண்டியது. மான் நடமாடும் புதர்வெளியில் நடந்து வந்தால் இரவில் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள் பாருங்கள். கண்டால் எண்ணெய், நெருப்பு எதுவும் வைக்காமல் உண்ணிக் கொக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து எடுக்க வேண்டும். நசுக்கினால் அதன் வயிற்றிலுள்ளது உங்களுக்குள் போகும். அடுத்த சில வாரங்களில் கடித்த இடத்தைச் சுற்றி வட்டமாகச் சிவப்பு படர்ந்தால் லைம் நோயாக இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள்.

வெளிச்சக் கணக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஜூனில் இரவு பத்து மணிக்கும் படிக்கலாம். டிசம்பரில் மூன்றரை மணிக்கே இருட்டத் தொடங்கும். அந்தியில் செம்மான்கள் புல் தேடி வளைகுடாவுக்கு இறங்கி வரும், சாலை நடுவிலும் நிற்கும். ஒன்று கடந்துவிட்டால் உடனே வேகம் பிடிக்காதீர்கள். பின்னால் இன்னும் இரண்டு வரும்.